ஆனி மாதத்து முழங்கால்

உட்காரமாட்டேங்குது என்று டாக்டர் சொன்னது கேட்டுத்தான் விழித்தேனா, விழித்த பிறகுதான் அவர் சொன்னாரா, எது முந்தி என்று தெரியவில்லை. யார் உட்காரமாட்டேங்குறா என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காராமல் நிற்கிறார்கள், காபி வேண்டாம் என்கிறார்கள், நான் அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறேன், முழங்கால் குத்துகிறது. இல்லை, குத்தவில்லை. அதுதான் விநோதம், குத்தவே இல்லை. கண்ணுக்கு எதிரே பச்சைத் துணி, அதை இரண்டு கம்பிகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதற்கு அந்தப் பக்கம் என் கால்கள் இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, யாரோ ஒருத்தியின் கால்களை எனக்கு முன்னால் போட்டு என்னவோ செய்துகொண்டிருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டபோது நாங்க லேசா தூக்கமும் குடுத்துருவோம்மா, உங்களுக்கு எதுவும் தெரியாது என்று மயக்க டாக்டர் பர்வீன் சொன்னாள். தெரிகிறதே. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குக் குரல்கள் எங்கே போகும்? கரகரப்பாக, வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுகிற குரல் டாக்டர் செபாஸ்டினுடையது. இன்னொன்று இளசு, ஒவ்வொரு வாக்கியத்திலும் சார் போடுகிறது, அது மூட்டு செய்கிற கம்பெனியிலிருந்து வந்த பையன், காலையில் பெட்டியோடு வராந்தாவில் நின்றவன். உட்காரமாட்டேங்குது. ஒருமுறை சொன்னால் பரவாயில்லை, டாக்டர் மறுபடியும் சொல்கிறார், இந்தத் தடவை தனக்குத்தானே.

அச்சு. அச்சுதான் உட்காரமாட்டேங்குது. டாக்டர் அதைக் கைடு என்பார், எனக்கு அது அச்சு. ஆனி மாதம் முதல் தடவை இங்கே வந்தபோது, வலது முட்டியை மாத்தணும், அதுக்கு ரெண்டு வழி இருக்கு என்றார். எல்லாருக்கும் செய்கிற மாதிரி தொடை எலும்புக்குள் ஒரு கம்பியை விட்டு அதை வைத்து அளந்து வெட்டுவது ஒன்று. இன்னொன்று, முன்கூட்டியே ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் உங்கள் எலும்பை அப்படியே வரைந்து, அந்த எலும்பின் மேல் தொப்பி மாதிரி உட்கார ஒரு அச்சு செய்வது, அதில் ரம்பம் போக வேண்டிய இடத்தில் சந்து விட்டிருப்பார்கள், அது காட்டுகிற வழியில் அறுத்தால் போதும். எது நல்லது என்று கேட்டேன். ஆராய்ச்சி பண்ணவங்க ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்னும் சொல்றாங்கம்மா, இதுல கம்பி உள்ள போகாது, நேரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், என்றார். உண்மையைத்தான் சொன்னார், அந்த மனுஷனைக் குறை சொல்ல முடியாது. அபிராமிதான், என் மகள்தான், அச்சே போடலாம் அப்பா, அதுதான் லேட்டஸ்ட் என்று போனில் இவரிடம் சொன்னாள். இவர் தலையாட்டினார். என்னை யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஆசையாகத்தான் இருந்தது. ஸ்கேன் குழாய்க்குள் காலை அசைக்காமல் படுத்திருந்தேன், மூக்கு அரித்தது, சொறியவில்லை. அச்சு வந்த அன்று டாக்டர் அதைக் கையில் கொடுத்தார். வெள்ளையாக, கனமே இல்லாமல், சோப்புப் பெட்டி மூடி மாதிரி இருந்தது, உட்பக்கம் மட்டும் மேடும் பள்ளமுமாக. ஓரத்தில் சின்ன எழுத்தில் புனிதவதி என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. உங்க எலும்புக்குன்னே செஞ்சது, வேற யாருக்கும் பொருந்தாது என்றார். வேற யாருக்கும் பொருந்தாது. அதை வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் சொல்லிக்கொண்டே வந்தேன். எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டியது யாரோ பெரிய மண்டைக்காரனுக்குச் செய்தது, அதை இறுக்கி இறுக்கியே காது மடல் காய்த்துப்போனது. நான் ஊன்றி நடக்கிற தடி என் மாமனாருக்கு வெட்டியது. எனக்கென்று அளவெடுத்து ஒன்று செய்து, அதில் என் பெயரையும் போட்டு, கடைசியில் அது எனக்கும் பொருந்தவில்லை.

ஆடுது என்கிறார் டாக்டர். அழுத்தினா இந்தப் பக்கம் தூக்குது, இந்தப் பக்கம் அழுத்தினா அங்க தூக்குது, ஆடுது பாரு. ஆடுது, ஆடி. ஆடிதான். தேதி ஆடி பத்தோ பன்னிரண்டோ கொடுத்திருந்தார்கள், அச்சு தயாராக இருந்தது, ரத்தம் பார்த்தாகிவிட்டது, இவர் காலண்டரைத் திருப்பிவிட்டு, ஆடியில யாராவது ஆப்பரேஷன் பண்ணிக்குவாங்களா என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். மழை வரும்போல இருக்கே என்கிற மாதிரி. கடவுள் நம்பிக்கையில் சொன்னாரா, ஆஸ்பத்திரியில் இரவு தங்க வேண்டுமே என்று சொன்னாரா, இன்றைக்கும் தெரியாது. சரி ஆவணியில் பார்த்துக்கலாம் என்றேன். ஆவணியில் இவருக்குக் கண்ணில் புரை முற்றியிருக்கிறது என்று சொன்னார்கள், கண்ணாச்சே, ஒத்திப்போட முடியுமா, பத்தே நாளில் செய்தாகிவிட்டது. நான்தான் வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டேன், கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன், ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் முழங்காலின் உள்பக்கத்தில் கண்ணாடித்தூளை அரைக்கிற மாதிரி இருந்தது. அரைபட்டிருக்கிறது. அரைபட்டுத்தான் இருக்கிறது. அப்போது எலும்பு தேய்ந்துகொண்டே இருந்தது, நான் வலி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். கண் தெளிந்ததும் இவர் பேப்பரை அடிவரி விடாமல் படித்துவிட்டு, எவ்வளவு பளிச்சுனு இருக்கு தெரியுமா புனிதா, நீ ஏன் இப்படிச் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கிறே என்று கேட்டார். அன்றைக்கு அந்தத் தடியை எடுத்து அவர் மேலே போட்டிருக்கலாம். போடவில்லை. தோசை போட்டேன்.

ஐப்பசியில் அபிராமிக்கு இரண்டாவது பிரசவம். கோயம்புத்தூரில் மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யாது, செய்யும் என்று மாப்பிள்ளை தினமும் சொல்வார். நீ வந்துட்டாலே போதும்மா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா உக்காந்திரு என்றாள். சும்மா உட்கார்ந்திருக்க யார் கூப்பிடுவார்கள்? குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேறு ஆள் இல்லை. மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினால் வலது கால் நீளவே நீளாது, முட்டி மேடாக நிற்கும், குழந்தை அந்தப் பக்கம் வழுக்கும், ஒரு கையால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வெந்நீர் ஊற்ற வேண்டும். வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் காலை இறுக்குவேன், வலி தொடைவரை ஏறும், குழந்தை அழும், நானும் அழுதிருப்பேன், முகத்தில் தண்ணீர் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பிஞ்சு உடம்பின் சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் தொடையில் இன்னும் இருக்கிறது, இப்போது தொடையே இல்லாதபோதும் இருக்கிறது, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது என்ன செய்யும். கோபம் மற்றவர்கள் மேல்தான். அங்கிருந்தே ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். அச்சு செஞ்சு ரொம்ப மாசம் ஆச்சே, அது கெட்டுப்போயிடாதா என்று கேட்டேன், மருந்துக்கெல்லாம் தேதி இருக்கிற மாதிரி இதற்கும் இருக்குமோ என்று. போனை எடுத்த பெண், அது பிளாஸ்டிக்தானே ஆன்ட்டி, அதுக்கு ஒண்ணும் ஆகாது என்றாள். சரிதான். அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே ஆனி மாதத்தில் இருக்கிறது. எனக்குத்தான் மாசி வந்துவிட்டது.

இது டாக்டருக்குத் தெரியுமா? அந்த நினைப்பு வந்ததும் மற்றதெல்லாம் நின்றுவிட்டது. எத்தனையோ முழங்கால் பார்க்கிறவர், எனக்கு ஸ்கேன் எடுத்தது போன மாதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாரோ. அட்மிஷன் போட்டது வேறு டாக்டர், நேற்று எக்ஸ்ரே எடுத்தது வேறு ஒருவர், கேள்வியெல்லாம் சர்க்கரை இருக்கா, ரத்தக்கொதிப்பு இருக்கா, பல் செட்டு கழட்டினீங்களா என்றுதான். ஸ்கேன் எப்போது எடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும் என்று நான் இருந்துவிட்டேன். துணிக்கு அந்தப் பக்கம் கம்பெனிப் பையன் பேசுகிறான், ஓரத்துல இருக்கிற எலும்பு முள்ளை எதையும் எடுத்துடலையே சார், அது இருந்தாத்தான் கைடு உக்காரும். நான் எதையும் தொடலை, இங்க புதுசா ஒரு முள்ளு வளர்ந்திருக்கு, உன் படத்துல இது இல்லையே என்கிறார் டாக்டர். அப்ப அதை மட்டும் லேசா கொத்தி எடுத்துட்டா உக்காந்துடும் சார், எலும்போட சேத்து ரெண்டு ஊசி அடிச்சா நின்னுடும். டாக்டர் யோசிக்கிறார் என்று தெரிகிறது. கொத்தி எடுத்து, அமுக்கி, ஊசி அடித்து, சந்தில் ரம்பத்தை விட்டு, இல்லாத ஒரு முழங்காலுக்காகப் போட்ட கணக்கில் இருக்கிற முழங்காலை அறுத்துவிட்டால்? புது மூட்டு மூணு டிகிரிக்கு மேல சாய்ஞ்சா சீக்கிரம் தேய்ஞ்சிடும்மா என்று அவரே சொன்னதுதானே. மூன்று டிகிரி என்றால் எவ்வளவு என்று அன்றைக்கு வீட்டில் கடிகார முள்ளைப் பார்த்தேன், அரை நிமிஷம்தான். அவ்வளவு சின்ன கோணலில் மிச்ச வாழ்நாள் முழுக்க நொண்ட வேண்டும். தலைமாட்டில் பர்வீன் இருப்பது தெரிந்தது, முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும். டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா என்றேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முழிச்சிட்டீங்களா, பயப்படாதீங்க, எல்லாம் நல்லா போயிட்டிருக்கு, இன்னும் கொஞ்சம் மருந்து விடுறேன், தூங்கிடலாம் என்று கையை எங்கோ கொண்டுபோனாள்.

“தூக்கம் வேண்டாம்மா. விடாதீங்க. நான் சொல்றதை முதல்ல கேளுங்க.”

நான் கத்தினேனா, எனக்குத் தெரியாது. அறையில் இருந்த சின்னச் சின்னச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது, இயந்திரத்தின் டிக் டிக் மட்டும் இருந்தது, அது என்னுடைய நெஞ்சு, வேகமாகப் போகிறது. என்னம்மா என்றார் டாக்டர், துணிக்கு மேலே அவருடைய கண்ணாடியும் நெற்றியில் மாட்டிய விளக்கும் தெரிந்தன.

“டாக்டர், அந்த அச்சுக்கு ஸ்கேன் எடுத்தது ஆனி மாசம். அதுக்கப்புறம் நான் எட்டு மாசம் இந்தக் கால்லதான் நடந்தேன்.”

“ஆனின்னா… ஜூன்லயா?”

“ஜூன் கடைசி.”

டாக்டர் யாரையோ நேற்றைய எக்ஸ்ரேயையும் பழைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னார். போட்டார்கள், எனக்குத் தெரியவில்லை, அவர் மூச்சை இழுத்தது மட்டும் கேட்டது. முள்ளு மட்டும் இல்லை, உள்பக்கம் எலும்பே இறங்கியிருக்கு, இது உக்காரவே உக்காராது என்றார். கம்பெனிப் பையன் தணிந்த குரலில், பொதுவா ஆறு மாசத்துக்கு மேல போச்சுன்னா மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுவோம் சார் என்றான். அதை இப்ப சொல்றியே என்றார் டாக்டர். சத்தம் போடவில்லை. தேதி ஃபைல்ல இருக்கு, நானும் பாத்திருக்கணும், என்றும் சொன்னார். அதைச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்ததா? இல்லை. இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது. எல்லாரும் பார்த்திருக்க வேண்டும். இவர், அபிராமி, போனை எடுத்த பெண், டாக்டர், எல்லாரும் ஒருவர் இன்னொருவர் பார்த்திருப்பார் என்று விட்டார்கள். கிடந்து வாய் வலிக்கக் கத்த வேண்டியவள் நானாக இருக்கிறேன், அதுவும் காலைத் திறந்து வைத்த பிறகு. டாக்டர் மறுபடி துணிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அச்சை ஒதுக்கிவிட்டுப் பழைய முறையிலேயே செய்யப்போகிறேன் என்றார், கம்பி விட்டு அளந்து, கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். கோணலா வந்துடாதே என்று கேட்டேன்.

“வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேம்மா. ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாடியும் அளந்து பாப்பேன். அது என் பொறுப்பு.”

பொறுப்பு என்ற வார்த்தையை நான் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரம்பம் பிடித்துவிட்டது. வலி இல்லை, ஆனால் உடம்பு முழுக்கப் பேருந்தின் கடைசி சீட்டில் உட்கார்ந்த மாதிரி அதிர்கிறது, பல் கிட்டுகிறது. பல் டாக்டரிடம் குடையும்போது வருமே ஒரு தீய்ந்த வாடை, அது துணியைத் தாண்டி வருகிறது, அது நான்தான், நான் தீய்கிறேன். நிறுத்துகிறார்கள். எண் சொல்கிறார்கள். மறுபடி பார் என்கிறார். மறுபடி எண். ஒவ்வொரு தடவை அவர் ம் என்று சொல்லும்வரை நான் மூச்சு விடவில்லை, விட்டால் எலும்பு அசைந்துவிடும் என்பதுபோல. பிறகு சுத்தியல், கொல்லன் பட்டறை மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் தலையணையில் மண்டை மேலே போய்க் கீழே வருகிறது, பர்வீன் என் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். வெளியே இவர் உட்கார்ந்திருப்பார், இந்நேரம் கேன்டீனில் இரண்டாவது காபி ஆகியிருக்கும், பக்கத்தில் இருப்பவரிடம், இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல அச்சு செஞ்சுடுறாங்க, அப்படியே கனகச்சிதமா உக்காந்துரும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லட்டும். எனக்கு அழுகை வரவில்லை. இந்த எட்டு மாதத்தில் எத்தனை தடவை சரி என்று சொன்னேன் என்றுதான் நினைப்பு சுற்றிச் சுற்றி வந்தது. ஆடிக்குச் சரி, கண்ணுக்குச் சரி, பிரசவத்துக்குச் சரி, தையில் மாப்பிள்ளை வீட்டுப் புதுமனைக்குச் சரி. யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நான் சரி என்று சொன்னதும் அவர்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள், எலும்பு அதன் பாட்டுக்கு இறங்கியது. இடது கால் மட்டும் என்ன வாழ்கிறது. வலதைக் காப்பாற்ற எல்லாப் பாரத்தையும் அதன் மேல் போட்டு வருஷக்கணக்கில் நடந்தேன், அதுவும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, இந்த நிமிஷம்கூட.

தையல் போடுகிறார்கள் என்று பர்வீன் சொன்னாள். நேராக இருக்கிறதா என்று கேட்டேன். நான் பாத்தவரைக்கும் நேரா இருக்கும்மா, எக்ஸ்ரே எடுத்துட்டு நாளைக்குச் சரியாச் சொல்றேன் என்றார் டாக்டர், குரல் களைத்திருந்தது. அந்த அச்சை வேண்டுமானால் வீட்டுக்குத் தருகிறேன் என்றார். எனக்கு அது வேண்டாம். இடது காலுக்கு எப்போது செய்யலாம் என்று கேட்டேன். அவர் சிரித்தார், முதலில் இது ஆறட்டும், ஆறு வாரமாவது போகணும், வீட்டுல எல்லாரும் கலந்து பேசிட்டு வாங்க என்றார். வீட்டில் பேசியாகிவிட்டது என்றேன். அச்சு வேண்டாம், நீங்களே அளந்து வெட்டுங்கள், சித்திரையில் ஒரு தேதி எழுதி வைத்துவிடுங்கள் என்றேன். சித்திரை மூணாவது வாரம் எழுதிக்கோ சிஸ்டர் என்று அவர் யாரிடமோ சொன்னது கேட்டது. பிறகுதான் கண்ணை மூடினேன். பர்வீன் மருந்து விட்டாளோ என்னவோ.

இவர் உள்ளே வந்தபோது என்னை வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். கால் கம்பளிக்குள் மூட்டையாகக் கிடந்தது, கட்டைவிரலை அசைக்கச் சொன்னார்கள், அசைந்தது என்றார்கள், எனக்குத் தெரியவில்லை. இவர் கட்டில் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. அச்சு சரியா இருந்துச்சா என்று கேட்டார். இல்லைங்க, தூக்கிப் போட்டுட்டாங்க என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்தார் போலிருக்கிறது, ஆமாம் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, அபிராமி போன் பண்ணினாள் என்றார். குழந்தைக்குச் சித்திரையில ஆறு மாசம் ஆகுதாம், அப்ப மொட்டை போட்டுக் காது குத்தலாம்னு சொல்றா, அதுக்குள்ள உனக்கு நடக்க வந்துரும், ஒரு மாசம் அங்க போயி இருந்துட்டு வா, அவளுக்கும் ஒத்தாசையா இருக்கும். தொடைக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு சூடு பற்றிக்கொள்வது தெரிந்தது. கால் திரும்பி வருகிறது, வலியோடு வருகிறது.

“சித்திரையில எனக்கு ஆப்பரேஷன்ங்க. இடது கால். தேதி குடுத்துட்டேன்.”

இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரை எடுத்த கண்கள், பளிச்சென்றுதான் இருந்தன. யாரைக் கேட்டுக் குடுத்தே என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

“யாரையும் கேக்கலை. வலிக்குது, நர்ஸைக் கூப்பிடுங்க.”

இவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, வராந்தாவைப் பார்த்து சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டார்.